சன்னாசி உப்பை விட்ட கதை

சன்னாசிக்கு மனிதர்களைப் பிடிக்காது என்று சொன்னால் அது முழு உண்மை ஆகாது. மனிதர்கள் இன்னும் கொஞ்சம் தேறியிருக்கலாம் என்பதுதான் அவருடைய கருத்து. ஈப்போவில் ஒரு கையுறைத் தொழிற்சாலையின் வாசலில் ஜாகாவாக, காவல்காரராக, இருந்து ஓய்வு பெற்றவர் அவர். உள்ளே போகிறவன் பையையும் வெளியே வருகிறவன் பையையும் திறந்து திறந்து பார்த்தவருக்கு, உலகத்தில் பாதிப் பேர் திருடர்கள், மீதிப் பேர் திருடத் துப்பில்லாதவர்கள் என்று எப்போதோ தோன்றிவிட்டது. தன்னை மட்டும் அவர் இரண்டிலும் சேர்க்கவில்லை.

வீடு சுங்கை சிப்புட் பக்கம், கிரேக்மோர் தோட்டத்தில். ரப்பர் போய்ச் செம்பனை வந்து, செம்பனையிலும் பாதி போய், லயங்கள் இருந்த மேட்டில் வரிசை வீடுகள் எழும்பிவிட்டன. முகப்புப் பலகையில் தாமான் என்று ஏதோ புதுப்பெயர் எழுதியிருந்தது. ஆனாலும் எல்லாரும் தோட்டம் என்றுதான் சொன்னார்கள். அதுவும் சன்னாசிக்கு ஆகாது. "மரத்தைக் காணோம், பாலைக் காணோம், தோட்டமாம்" என்பார்.

அந்தத் தாமான் குடியிருப்பின் பொது மண்டபமான பாலாய் ராயாவுக்கு ஒரு நாள் காலையில் ஈப்போ கல்லூரி ஒன்றிலிருந்து ஆட்கள் வந்தார்கள். தலைமை தாங்கி வந்தவள் சாந்தினி என்ற பெண். உணவியல் படித்தவள், அதிலேயே முனைவர் பட்டத்துக்காக ஆராய்ச்சி செய்கிறாள் என்றார்கள். ரத்த அழுத்தம் உள்ளவர்களைக் குலுக்கல் போட்டு இரண்டு கூட்டமாகப் பிரிப்பார்களாம். ஒரு கூட்டத்துக்கு வழக்கமான உப்போடு சாப்பாடு. இன்னொரு கூட்டத்துக்கு உப்பை நன்றாகக் குறைத்த சாப்பாடு. மூன்று வேளையும் அவர்களே கொண்டுவந்து கொடுப்பார்கள். வீட்டில் வெறும் கோப்பியும் தண்ணீரும் தவிர வேறு எதையும் வாயில் வைக்கக் கூடாது. கடைசியில் எந்தக் கூட்டத்துக்கு அழுத்தம் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்ப்பார்கள்.

"உப்பு தின்னா பிரஷர் ஏறும்னு கோப்பிக் கடையில கிளாஸ் கழுவறவன்கூட சொல்வான்" என்றார் சன்னாசி, உட்கார்ந்த இடத்திலிருந்தே. "இதுக்கு ஒரு காலேஜா?"

"ஏறும்னு எல்லாருக்கும் தெரியும் அங்கிள்" என்றாள் சாந்தினி. "எவ்வளவு குறைச்சா எவ்வளவு இறங்கும், அதுவும் நாம சாப்பிடற சாப்பாட்டுல, நம்ம ஆளுங்களுக்கு? அத யாரும் சரியா அளந்து பாக்கல."

பதில் நியாயமாகத்தான் இருந்தது. 'அங்கிள்'தான் உறுத்தியது. கல்யாணச் சத்திரத்தில் பந்திக்கு ஆள் கூப்பிடுகிற மாதிரி என்ன அங்கிள்?

அப்படியும் அவர் சேர்ந்தார். இரண்டு காரணம். போன மாதம் கிளினிக்கில் இருந்த சின்ன டாக்டர் அவருடைய அழுத்தத்தைப் பார்த்துவிட்டு, "உங்களால உப்பை விட முடியாது, மாத்திரையையாவது ஒழுங்கா போடுங்க" என்று சொல்லியிருந்தான். மீசை சரியாக முளைக்காதவன் சொன்ன அந்த 'முடியாது' அவர் நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது. இரண்டாவது காரணம் ஐயாவு. பக்கத்து வீட்டுக்காரர், லோரி ஓட்டி ஓய்ந்தவர், வயிறு ஒரு பக்கமும் மனுசன் ஒரு பக்கமுமாக நடப்பவர். எந்த உறவும் இல்லாமல் சன்னாசியை மச்சான் என்று கூப்பிடுபவர். அவர் முதல் ஆளாகப் போய்ப் பெயர் கொடுத்துவிட்டு, "மூணு வேளை சோறு சும்மா வருது மச்சான், விடலாமா?" என்றார். இந்த ஆளால் முடியுமென்றால் என்னால் முடியாதா என்று சன்னாசி எழுந்து போனார்.

சாப்பாடு ஈப்போவிலிருந்து வேனில் வந்தது. சமைத்தது ஹுசைன். ஈப்போவில் அவருடைய கறிக்கடையைத் தெரியாத தமிழர் குறைவு. ஆஸ்பத்திரிக் கஞ்சி மாதிரி எதையாவது கொடுத்தால் தோட்டத்து ஆட்கள் தொடமாட்டார்கள் என்று கல்லூரிக்காரர்களே அவரைத் தேடிப் போயிருந்தார்கள். உப்பை நிறுக்கத் தராசும் கொடுத்திருந்தார்கள். ஒரு கூட்டத்துக்குப் பச்சை மூடிப் பெட்டி, இன்னொன்றுக்கு மஞ்சள் மூடி. எது எந்தக் கூட்டம் என்று சொல்லவில்லை. ஒவ்வொரு மூடியிலும் ஹுசைனின் கடைப் பெயர் அச்சடித்த தாள் மட்டும் ஒட்டியிருந்தது.

சன்னாசிக்கும் ஐயாவுக்கும் பச்சை மூடி விழுந்தது. முதல் மதியம் மீன் கறியில் ஒரு வாய் வைத்ததுமே சன்னாசிக்கு விளங்கிவிட்டது.

"மழைத் தண்ணியில மீனைக் குளிப்பாட்டி அனுப்பியிருக்கான்" என்றார்.

மனைவி புஷ்பலதா அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஒரு சிட்டிகை போட்டுக்கங்களேன். யாரு பாக்கப் போறா?" என்றாள்.

"நான் பாக்கறேன்ல."

பெட்டியை வழித்துச் சாப்பிட்டார். ஐயாவு தன் பெட்டியில் பாதியை நாய்க்குப் போட்டதை வேலிக்கு மேலாகப் பார்த்தார். அதில் அவருக்கு ஒரு திருப்தி. நாயும் முகர்ந்து பார்த்துவிட்டுப் போனது, அதில் இன்னும் கொஞ்சம்.

வீட்டில் அன்றைக்கே சட்டம் வந்தது. பாகான் டத்தோவிலிருந்து புஷ்பலதாவின் அக்கா கொடுத்து விட்டிருந்த கருவாடு குப்பைக்குப் போனது. ஊறுகாய் ஜாடி போனது. தாளிக்கிற வாசம் தன் மனசைக் கலைக்கிறது என்று சொன்னதால், புஷ்பலதா தனக்கு வேண்டியதைப் பின்கட்டில் சின்ன அடுப்பில் வைத்துக்கொண்டாள். கருவாட்டைப் போடும்போது மட்டும் பொட்டலத்தைக் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தாள்.

நாலைந்து நாளில் ஓர் அதிசயம் நடந்தது. சாப்பாடு ருசிக்க ஆரம்பித்தது. கறியில் கறியின் சுவை இருந்தது, பருப்பில் பருப்பின் சுவை. சன்னாசி மென்றுகொண்டே யோசித்தார். பெட்டி அதே பச்சை மூடிப் பெட்டி. அப்படியானால் மாறியது தான்தான். இத்தனை வருஷம் தன்னை ஆட்டிவைத்த நாக்கு, மூன்றே நாள் பட்டினி போட்டதும் காலடியில் விழுந்துவிட்டது.

அதற்குப் பிறகு அவரைத் தாங்க முடியவில்லை. கோப்பிக் கடையில் சம்பலில் கை வைத்தவர்களைப் பார்த்து, "உப்புங்கறது ஒரு பழக்கம், அவ்வளவுதான். கள்ளு மாதிரி. விட்டுப் பாருங்க, கத்திரிக்காய் தானா இனிக்கும்" என்றார். கோயில் கூட்டத்தில் கணக்கு வாசித்துக்கொண்டிருக்கையில் குறுக்கே எழுந்து, அன்னதானச் சாம்பாரில் உப்பை நிறுத்த வேண்டும் என்று முன்மொழிந்தார். வழிமொழிய ஆள் இல்லை. தலை தெளிந்துவிட்டது, முட்டி வலி போய்விட்டது, கண்கூடக் கொஞ்சம் நன்றாகத் தெரிகிறது என்றார். வாரம் ஒரு முறை சாந்தினியின் உதவியாளர் வந்து அழுத்தம் பார்த்தபோது எண் மட்டும் இறங்காமல் அதே இடத்தில் நின்றது. "மெஷின் மட்டமான மெஷினு" என்றார் சன்னாசி.

புஷ்பலதாவிடமும் விடவில்லை. "உன் சமையலே உப்புலதான் ஓடியிருக்கு புஷ்பா. உப்பை எடுத்துட்டா உனக்கு என்னா தெரியும்? பாய் பாரு, ஒரு கல்லு உப்பில்லாம என்னமா சமைக்கிறாரு."

அவள் அவருடைய சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தாள். மடிப்பதை நிறுத்தவில்லை.

ஆராய்ச்சி பாதியில் இருக்கும்போது கேன் வந்தது. ஒரு நாள் முழுக்கக் கழிக்கிற சிறுநீரைச் சொட்டு விடாமல் அந்தப் பிளாஸ்டிக் கேனில் சேர்த்துக் கொடுக்க வேண்டும். உடம்புக்குள் போன உப்பில் பெரும் பங்கு அந்த வழியாகத்தான் வெளியே வருமாம், அளந்தால் தெரிந்துவிடுமாம். பலர் வெட்கப்பட்டார்கள். ஐயாவு காலையில் மறந்தார், மதியம் கோப்பிக் கடைக்குப் போனபோது மறந்தார், மாலையில் ஞாபகம் வந்து கொஞ்சம் விட்டு மூடிவைத்தார். சன்னாசி கேனைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு கடைக்கும் கோயிலுக்கும் போனார். கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் பையில் என்ன இருக்கிறது என்று சொன்னார்.

கேன் சோதனையின் முடிவு வந்ததும் சாந்தினி பாலாய் ராயாவுக்கு வந்து, பச்சை மூடிக்காரர்களை மட்டும் இருக்கச் சொன்னாள். மஞ்சள் மூடிக்காரர்கள் போனபிறகு கொஞ்ச நேரம் மடிக்கணினியைப் பார்த்தபடியே நின்றாள். தூங்காத கண்.

"உங்களுக்குக் கொடுத்தது உப்பு குறைச்ச சாப்பாடு. அது இந்நேரம் உங்களுக்கே தெரிஞ்சிருக்கும்" என்றாள். "ஆனா ஒருத்தருக்கும் உப்பு குறையல. மஞ்சள் மூடிக்கும் உங்களுக்கும் வித்தியாசமே இல்ல. வெளிய சாப்பிடக் கூடாதுன்னு எத்தன தடவ சொன்னேன்?"

எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். ஐயாவு மின்விசிறியைப் பார்த்தார். சன்னாசி எழுந்து நின்றார்.

"மத்தவங்க கதை எனக்குத் தெரியாது மிஸ். இங்க வாயைக் கட்டத் தெரிஞ்ச ஆளு கம்மிதான். என்னுதை மட்டும் பாருங்க. குறைஞ்சிருக்கும்."

அவள் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

"உங்களுதுதான் அங்கிள் எல்லாத்தையும் விட அதிகம்."

பின்வரிசையில் ஒரு பெண் சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். சன்னாசிக்குக் காதுமடல் சுட்டது.

"நான் வேற ஒன்னும் திங்கல."

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க. டெஸ்ட்டு பொய் சொல்லாதுலா."

அத்தோடு விட்டிருக்கலாம். பெட்டிகளை வேனில் ஏற்றும்போது அவள் தன் உதவியாளரிடம் இங்கிலீஷில், இந்த ஆட்களிடம் வந்ததே தவறு, வாய்க்கும் வயிற்றுக்கும் நடுவில் ஒன்றுமே இல்லாத ஜனங்கள் என்று சொன்னாள். சன்னாசிக்கு இங்கிலீஷ் பேச வராது. ஆனால் இங்கிலீஷில் திட்டினால் நன்றாகப் புரியும். தொழிற்சாலை வாசலில் அவர் கற்ற இங்கிலீஷ் எல்லாம் அந்த வகைதான்.

வீட்டுக்கு வருகிற வழியிலேயே அவர் வழக்கை விசாரித்து முடித்துவிட்டார். தான் தின்னவில்லை. சோதனை பொய் சொல்லாது. அப்படியானால் யாரோ போட்டிருக்கிறார்கள். ராத்திரிப் பெட்டியைத் திறந்து சூடு பண்ணிக் கொடுப்பது ஒரே ஓர் ஆள்.

"நீ என்னா போட்ட?" என்றார், செருப்பைக்கூடக் கழற்றாமல்.

புஷ்பலதாவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபிறகு அவள் குரலை உயர்த்தவில்லை.

"நான் எதுக்குப் போடணும்?"

"உப்பில்லாம உன் புருசன் இருந்துட்டா உன் சமையலுக்கு மதிப்பு போயிருமில்ல. அதுக்குத்தான்."

அவள் அடுப்பை அணைத்தாள். கையைத் துடைத்துக்கொண்டு அவர் முன்னால் வந்து நின்றாள்.

"கல்யாணம் ஆனதுலருந்து உங்களுக்குச் சமைச்சுப் போடறேன். திருட்டுத்தனமா எதையாச்சும் போடணும்னு நெனச்சிருந்தா, உப்பையா போட்டிருப்பேன்?"

மறுநாள் காலையில் ஒரு பையோடு கிளம்பிவிட்டாள். மகள் தினேஸ்வரி தஞ்சோங் மாலிமில் இருந்தாள், மருமகனுக்கு அங்கே கார்த் தொழிற்சாலையில் வேலை. "எப்ப வருவ?" என்று சன்னாசி கேட்டார். "வாரேன்" என்றாள் அவள், எப்போது என்று சொல்லாமல். வாசல் கேட்டைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனாள். அடித்துச் சாத்தியிருந்தால் அவருக்குத் திட்டுவதற்காவது ஏதாவது கிடைத்திருக்கும்.

அன்றைக்கு வந்த மதியப் பெட்டியை அவர் திறக்கவில்லை. அதை மோட்டார் சைக்கிளின் கூடையில் வைத்துக்கொண்டு ஈப்போவுக்குப் போனார். திட்டம் எளிமையானது. முதலில் பெட்டியை ஹுசைன் கடையில் போட்டுவிட்டு, அப்புறம் கல்லூரிக்குப் போய், உங்கள் ஆராய்ச்சியும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வருவது.

கடையில் கூட்டம் அடங்கியிருந்தது. ஹுசைன் கல்லாவுக்குப் பின்னால் பல் குத்திக்கொண்டிருந்தார். சன்னாசி பச்சை மூடியை அவர் முன்னால் வைத்து, "நாளையிலருந்து எனக்கு வேணாம் பாய். கிரேக்மோர் சன்னாசி, பேரை எடுத்துருங்க" என்றார்.

ஹுசைனின் முகம் வாடியது. "ஏன்ணே? சாப்பாட்டுல ஏதும் குறையா?"

"உங்க மேல குறை இல்ல. உப்பில்லாமலே நல்லாத்தான் சமைக்கிறீங்க."

வாடிய முகம் அந்த நிமிஷமே மலர்ந்தது. ஹுசைன் கல்லாவின் மேல் சாய்ந்து குரலைத் தாழ்த்தினார்.

"உப்பில்லாம எந்த மனுசனுக்குண்ணே சமைக்க வரும்? மொத ரெண்டு மூணு நாளு அந்தப் பொண்ணு சொன்ன மாதிரிதான் தராசு வச்சி நிறுத்துப் போட்டேன். பொட்டியெல்லாம் பாதி பாதியா திரும்பி வந்துச்சி. வேன் டிரைவர் சொல்றான், ஒரு வீட்டுல நாய்கூட தொடலையாம். பொட்டி மேல யாரு பேருண்ணே ஒட்டியிருக்கு? எங்க வாப்பா காலத்துலருந்து எடுத்த பேரு. போடா சரிதான்னு பச்சைக்கும் மஞ்சளுக்கும் ஒரே சட்டியில போட்டுட்டேன். அப்புறம் ஒரு பொட்டி திரும்பி வரணுமே? எல்லாம் காலி."

சன்னாசி பெட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"அந்தப் பொண்ணுக்குத் தெரியுமா?"

"அதுக்கு எதுக்குச் சொல்லணும்? ஆளுங்க சந்தோசமா சாப்பிடறாங்கல்ல. தே தாரிக் குடிக்கிறீங்களா?"

தேநீர் வந்தது. சன்னாசி அதைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார். முதலில் மனசுக்குள் எழுந்தது வெற்றிதான். அந்தப் பெண்ணும் அவளுடைய மடிக்கணினியும் இங்கிலீஷும். தன் சமையற்காரன் சட்டியில் என்ன போடுகிறான் என்று தெரியாதவள் ஊராரின் மூத்திரத்தை அளந்துகொண்டிருக்கிறாள். இதைச் சொல்லிவிட்டு அவள் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டும் என்று நினைத்தார்.

எழுந்திருக்கப் போனவர் பாதியில் உட்கார்ந்துவிட்டார். அவள் முகத்தைத் தொடர்ந்து வேறு முகங்கள் வந்தன. கோப்பிக் கடையில் சம்பலோடு உட்கார்ந்திருந்தவர்கள். கோயில் கமிட்டி. கத்திரிக்காய் இனிக்கிறது என்று தான் சொன்னபோது ஒன்றும் சொல்லாமல் தலையாட்டியவர்கள். உப்பு போட்ட சோற்றை மூன்று வேளையும் தின்றுவிட்டு உப்பை ஜெயித்தேன் என்று ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்த ஓர் ஆளை அவர்கள் பார்த்த பார்வை இப்போது அவருக்குக் கொஞ்சம் கொஞ்சமாக விளங்கியது. முட்டி வலி போனதும் கண் தெளிந்ததும்கூட ஞாபகம் வந்தது. முட்டி இப்போது வலித்துக்கொண்டிருந்தது.

சொல்லாமல் விட்டால் யாருக்கும் தெரியப் போவதில்லை. ஹுசைன் வாய் திறக்கமாட்டார். அந்தப் பெண், தோட்டத்து ஜனங்கள் எல்லாரும் திருட்டுத்தனமாகத் தின்றார்கள் என்று எழுதிவிட்டுப் போய்விடுவாள். அந்தத் திருட்டுக் கூட்டத்தில் இவர் பெயரும் ஓரமாக இருக்கும், அவ்வளவுதான். சொன்னாலோ திருடன் என்ற பெயர் போய்விடும். அதற்குப் பதிலாக வருகிற பெயர் இருக்கிறதே, அது காலத்துக்கும் நிற்கும்.

தே ஆறி ஆடை படிந்தது. யோசித்துப் பார்த்தால், வாழ்நாளெல்லாம் மற்றவன் பையைத் திறந்து பார்த்த ஆளுக்குத் திருடன் என்ற பெயரோடு ஒரு நாள்கூட இருக்க முடியாது. அதோடு இன்னொன்று. 'உப்பையா போட்டிருப்பேன்' என்று கேட்டுவிட்டுப் போனவளின் முகம் மட்டும் மற்ற முகங்களோடு சேராமல் தனியாக நின்றது. அவர் தேயைக் குடிக்காமலே எழுந்து போனார்.

சாந்தினி கல்லூரியில் ஒரு சின்ன அறையில் கப் மீ நூடுல்ஸ் தின்றுகொண்டிருந்தாள். அதில் எவ்வளவு உப்பு என்று கேட்க நாக்குத் துடித்தது. அடக்கிக்கொண்டார்.

"அங்கிள், அப்புறம் பேசலாமா? எனக்கு..."

"பச்சை மூடியில உப்பு இருக்கு மிஸ். பாய் போடறாரு. மொத மூணு நாளைக்கு அப்புறம் எல்லாம் ஒரே சட்டிதான். இப்பத்தான் அவரு வாயாலயே சொன்னாரு. நம்பிக்கை இல்லன்னா போன் போட்டுக் கேளுங்க."

அவள் முள்கரண்டியை வைத்தாள். முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும் என்று நினைத்தாரே, பார்த்தார். அப்படியொன்றும் இன்பமாக இல்லை. கண் கலங்கி, அதை மறைக்கச் சுவரில் இருந்த நாட்காட்டியைப் பார்த்தாள்.

"எல்லாம் குப்பை" என்றாள். "இத்தனை வாரமும் குப்பை. ஏன் ஒருத்தரும் சொல்லல? தெரிஞ்சிருக்கும்ல?"

"மத்தவங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்."

"உங்களுக்கு?"

கையுறைத் தொழிற்சாலையின் வாசலில் நின்ற வருஷங்களில் யாரும் சன்னாசியின் பையைத் திறக்கச் சொன்னதில்லை.

"எனக்குத் தெரியல" என்றார்.

அவள் சிரிப்பாள் என்று காத்திருந்தார். அவள் சிரிக்கவில்லை. மடிக்கணினியை இழுத்து எதையோ பார்த்துவிட்டு, "அதான் உங்களுது அதிகம்" என்றாள். "பெட்டியில வந்தத முழுசா சாப்பிட்டிருக்கீங்க. கேனை ஒழுங்கா நிரப்பினதும் நீங்க ஒருத்தர்தான். மத்தவங்க பாதிதான் கொடுத்திருக்காங்க." பிறகு, "அன்னிக்கு வேன்கிட்ட நான் பேசினது..."

"இங்கிலீஷ்ல பேசினது."

"ஆமா. மன்னிச்சிருங்க ஐயா."

ஐயா என்று சொல்லிவிட்டாள். அதை ரசிக்கிற நிலையில் அவர் இல்லை. ஆனால் பழக்கம் விடவில்லை.

"இவ்வளவு படிச்சீங்களே மிஸ், ஒரு தடவ அந்தக் குசினிப் பக்கம் போயி எட்டிப் பாத்தீங்களா?"

"பாக்கல" என்றாள் சாந்தினி. கண்ணைத் துடைத்துக்கொண்டு அவரை நேராகப் பார்த்தாள். "தெனம் மூணு வேளை வாயில போட்டு மென்ன உங்களுக்கே தெரியல. எட்டிப் பாத்திருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்குமா?"

சன்னாசி மோட்டார் சைக்கிள் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். கடைசி வார்த்தையை அடுத்தவருக்கு விட்டுப் போவது அவருக்குப் புது அனுபவம்.

அடுத்த வாரம் அவள் பாலாய் ராயாவுக்கு வந்து, தவறு சமையற்கட்டில் நடந்தது, ஆராய்ச்சியை நிறுத்துகிறோம், உங்களைச் சந்தேகப்பட்டதற்கு மன்னியுங்கள் என்று எல்லார் முன்னாலும் சொன்னாள். ஹுசைனின் கடையிலிருந்து பெட்டி வருவது நின்றது. ஹுசைன் அதற்காக வருந்தியதாகத் தெரியவில்லை. தன் சாப்பாட்டை யாரும் குறை சொல்லவில்லையே என்றாராம்.

யார் போய்ச் சொன்னது என்று சாந்தினி சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. ஐயாவு அன்று மாலையே வேலிக்கு மேல் கையை ஊன்றிக்கொண்டு நின்றார்.

"எனக்கு உப்பு வந்த அன்னிக்கே தெரியும் மச்சான். வாயைத் தொறந்தா பழையபடி மழைத் தண்ணி வருமேன்னு கம்முனு இருந்துட்டேன். எல்லாருக்கும் தெரியும். நீங்கதான் கத்திரிக்காய் இனிக்குதுன்னு சொல்லிக்கிட்டு இருந்தீங்க. நாங்க சிரிப்பை அடக்குனதுல எங்க பிரஷர்தான் ஏறிப்போச்சி."

"என்னை மச்சான்னு கூப்பிடாத" என்றார் சன்னாசி. அதுதான் அவருக்கு அப்போது கிடைத்த பதில்.

கோப்பிக் கடையில், சீனி போடாத கோப்பியும் இனிக்குமா என்று ஒருவன் மரியாதையாகக் கேட்டான். கோயில் கமிட்டியில், சாம்பார் விஷயத்தை மறுபடியும் எடுத்துக்கொள்ளலாமா என்று தலைவரே கேட்டார். சன்னாசி இரண்டு இடத்துக்கும் போவதை நிறுத்தினார். அவர்களைப் பற்றி அவருக்கு இருந்த அபிப்பிராயம் கொஞ்சமும் உயரவில்லை. அவர்களுக்குத் தன்னைப் பற்றியும் ஓர் அபிப்பிராயம் உண்டு, அது வெகு காலமாகவே இருந்திருக்கிறது என்பதைத்தான் அவரால் செரிக்க முடியவில்லை.

தஞ்சோங் மாலிமுக்குப் போன் போட்டார். தினேஸ்வரி எடுத்து அம்மாவிடம் கொடுத்தாள்.

"உப்பு போட்டது பாய்தானாம்" என்றார்.

அந்தப் பக்கம் தொலைக்காட்சிச் சத்தத்தை யாரோ குறைத்தார்கள்.

"நான் போடலன்னு நான் சொன்னா பத்தாது. பாய் வந்து சொல்லணும்" என்றாள் புஷ்பலதா. போனை வைத்துவிட்டாள்.

அவள் திரும்பி வந்தபோது சன்னாசி தன் மனசுக்குள் ஒரு மன்னிப்பைத் தயார் செய்து வைத்திருந்தார். அதைக் கேட்க அவளுக்கு நேரமில்லை. சாந்தினி ஆராய்ச்சியைப் புதிதாகத் தொடங்குகிறாளாம். இந்தத் தடவை கல்லூரிச் சமையற்கட்டிலேயே சமையல், அடுப்புப் பக்கத்தில் அவளே நிற்கிறாளாம். முதல் தடவை இருந்தவர்களைச் சேர்க்கமாட்டார்களாம். ரத்த அழுத்தம் உள்ள வேறு ஆட்கள் வேண்டும் என்று கிளினிக் மூலம் கேட்டிருந்தார்கள். புஷ்பலதாவுக்கு அழுத்தம் அவரைவிட அதிகம். வெகு வருஷமாக மாத்திரை தின்கிறாள். போன தடவை யாரும் அவளைக் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை, இவருக்குக் கோப்பி போட ஆள் வேண்டுமே என்று இருந்துவிட்டாள். இந்தத் தடவை தஞ்சோங் மாலிமிலிருந்தே போன் போட்டுத் தன் பெயரைக் கொடுத்திருந்தாள்.

"அப்ப எனக்குச் சோறு?" என்றார் சன்னாசி.

"அரிசி தோம்புல இருக்கு."

முதல் பெட்டி வந்த அன்று அவள் மேசையில் உட்கார்ந்து மூடியைத் திறந்தாள். சன்னாசி குசினியில் பானையோடு நின்றுகொண்டிருந்தார். அவள் ஒரு வாய் வைத்தாள், மென்றாள், அடுத்த வாய் எடுத்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. உப்பு இருக்கிறதா இல்லையா என்று கேட்க அவருக்கு உயிர் போனது.

"எப்படி இருக்கு?" என்றார் கடைசியில்.

"வெளிய சொல்லக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க."

"நான் என்னா வெளி ஆளா?"

புஷ்பலதா சாப்பிட்டு முடித்தாள். பெட்டியைக் கழுவித் துடைத்து, வேன்காரன் எடுத்துக்கொள்ள வாசற்படியில் வைத்தாள்.

"அரிசிக்குத் தண்ணி எவ்வளவு வைக்கணும்?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

"விரலை வச்சிப் பாருங்க" என்றாள் அவள், திரும்பிப் பார்க்காமல். செருப்பை மாட்டிக்கொண்டு பக்கத்து வீட்டுக்கு நாடகம் பார்க்கப் போனாள்.